புகைக்கு மேலே ஒரு வழி, ஆளுக்கு வெளியே ஒரு வழி

(பிள்ளைக் காம்பராவில் நடந்த தோட்டத்துக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



அந்திக் கொழுந்து நிறுத்துவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். நனைந்த படங்கைக்கூட இன்னும் கழற்றவில்லை. ஆகவே அதிக நேரம் எடுக்க மாட்டோம். கூட்டம் நெருப்பைப் பற்றியது என்று நோட்டிசில் போட்டிருந்தோம். ஆனால் நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தது நெருப்பைப் பற்றி அல்ல, புகையைப் பற்றி. ஏன் என்பதற்கு முதலில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம்.

சில வருசங்களுக்கு முன்னால், நாங்கள் வேலை பார்த்த வேறொரு தோட்டத்தில் நடந்தது இது. தோட்டத்தின் பெயர் வேண்டாம். 12 காம்பரா உள்ள ஒரு லயம். தை மாசத்துக் குளிர், பகல் பதினொரு மணி இருக்கும். ஆட்கள் எல்லாம் மலையில். 3ஆம் காம்பராவில், அடுப்புக்கு மேலே பரணில் காயப் போட்டிருந்த மிலாறு பற்றிக்கொண்டது. அந்த வீட்டில் ஆள் இல்லை. மலையில் இருந்தவர்கள் புகையைக் கண்டு ஓடி வந்தார்கள். பீலியில் இருந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். 2, 3, 4 ஆகிய மூன்று காம்பராக்கள் எரிந்ததோடு நெருப்பு நின்றது. உயிர்ச்சேதம் இல்லை என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

அரை மணி நேரம் கழித்துத்தான் ஒரு பிள்ளை கேட்டது, "எங்க பாட்டி எங்க?" என்று. 9ஆம் காம்பராவில் காய்ச்சலுக்கு மருந்து குடித்துவிட்டு ஒரு பாட்டி படுத்திருந்தார். கதவைத் தள்ளிப் பார்த்தால், போர்த்திய கம்பளி போர்த்தியபடி இருக்கிறது. உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லை. ஆனால் உயிர் இல்லை.

நெருப்பு 4ஆம் காம்பராவோடு நின்றது. புகை நிற்கவில்லை. அது எப்படி 9ஆம் காம்பராவுக்குப் போனது என்பதை நீங்கள் உங்கள் வீட்டில் இருந்தே பார்க்கலாம். இன்றைக்கு ராத்திரி படுக்கும்போது மேலே பாருங்கள். பழைய லயங்களில் பலதில் உங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. உத்தரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேலே முதல் காம்பராவில் இருந்து கடைசித் தொங்கல் காம்பரா வரைக்கும் ஒரே கூரை, ஒரே வெளி. அடுத்த வீட்டில் மிளகாய் வறுத்தால் நமக்குத் தும்மல் வருகிறதே, அது அந்த வழியாகத்தான். அடுத்த வீட்டில் தீப்பிடித்தாலும் அதே வழிதான்.

புகை எப்படிப் போகிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சூடான காற்றுக்குப் பாரம் குறைவு, அது மேலே போகும். நெருப்பில் இருந்து வரும் புகையும் அப்படியே மேலே ஏறும். மேலே வெளியேற வழி இருந்தால் போய்விடும். வழி இல்லாவிட்டால் கூரைக்குக் கீழே பந்தல் மாதிரிப் பரவும். பரவ இடம் இல்லாமற் போனதும் கீழே இறங்கத் தொடங்கும். முதலில் முகட்டில், பிறகு உத்தரத்தில், பிறகு நிற்கிற ஆளின் தலை மட்டத்தில், கடைசியில் படுத்திருக்கிறவரின் முகத்தில். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் ஒரு மெத்தை பற்றினால் இவ்வளவும் நடக்க ஒருசில நிமிசம் போதும்.

அந்தப் புகைக்குள் காபனோரொட்சைட்டு என்ற வாயு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை, மணமும் இல்லை. நம் இரத்தம் ஒட்சிசனைப் பிடித்துக்கொள்வதை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் லேசில் விடாது. தலை சுற்றும், கை கால் சோரும், எழும்பிப் போக வேண்டும் என்ற புத்திகூட வராது. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். தீ விபத்தில் சாகிறவர்களில் அதிகம் பேர் வெந்து சாகிறதில்லை, புகையில்தான் சாகிறார்கள். ஈரத் துணியை மூக்கில் கட்டினால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். துணி கரித்தூளைக் கொஞ்சம் தடுக்கும். இந்த வாயுவைத் தடுக்காது.

இன்னொரு விசயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். பிள்ளை பெற்ற வீட்டில் குளிருக்காகக் கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவு ஜன்னலை அடைத்துவிட்டுப் படுக்கிற பழக்கம் இருக்கிறது. கரி புகைய வேண்டும் என்று இல்லை, தணலாக இருந்தாலே இந்த வாயு வரும். தாயும் சேயும் இருக்கிற காம்பராவில் கரிச்சட்டி கூடாது. இன்னொரு கம்பளி போடுங்கள். கம்பளி இல்லாவிட்டால் எங்களிடம் வந்து சொல்லுங்கள்.

புகைக்கு மேலே வழி வைக்க வேண்டும் என்பது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. உலகம் உயிரைக் கொடுத்துப் படித்த பாடம் அது. அமெரிக்காவில் சிக்காகோ நகரத்தில் இரோகுவாய் என்று ஒரு பெரிய நாடக தியேட்டர். கட்டிப் புதிசு. 1903 டிசம்பர் 30ஆம் திகதி பகல் காட்சி, தாய்மாரும் பிள்ளைகளும் நிறைந்த கூட்டம். மேடையில் ஒரு விளக்கில் இருந்து திரையில் நெருப்புப் பிடித்தது. மேடைக்கு மேலே கூரையில், புகை போவதற்கென்றே திறப்புகள் கட்டியிருந்தார்கள். ஆனால் அன்றைக்கு அவை திறக்க முடியாமல் மூடிக் கிடந்தன. மேலே போக வழியில்லாத நெருப்பும் புகையும் ஜனங்கள் இருந்த பக்கம் பாய்ந்தன. பல கதவுகளும் பூட்டிக் கிடந்தன. 600 பேருக்கு மேல் செத்தார்கள். அதன் பிறகுதான் தியேட்டர்களில் புகைத் திறப்பும் வெளியேறும் கதவும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று சட்டங்களை இறுக்கினார்கள். 1953இல் அதே அமெரிக்காவில் லிவோனியா என்ற ஊரில் ஒரு மோட்டார் தொழிற்சாலை எரிந்தது. ஏக்கர் கணக்கில் ஒரே கூரை. நடுவில் தடுப்பும் இல்லை, புகைக்குப் போதிய திறப்பும் இல்லை. பெரிய கூரைகளைத் தடுப்புப் போட்டுப் பிரிக்க வேண்டும், ஒவ்வொரு பிரிவுக்கும் மேலே திறப்பு வைக்க வேண்டும் என்பதில் எஞ்சினியர்மார் அதன் பிறகு தீவிரமாக இறங்கினார்கள்.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், தடுப்பு, திறப்பு இரண்டும் சேர்ந்தே வேண்டும். நமது லயத்துக்கும் அதே கணக்குத்தான். வீட்டுக்கு வீடு சுவர் கூரை வரை மூட வேண்டும், பக்கத்துப் புகை வராது. ஒவ்வொரு அடுப்புக்கும் மேலே திறப்பு வேண்டும், நம் புகை வெளியே போகும். ஒன்றை மட்டும் செய்து மற்றதை விட்டால் பாதி வேலைதான்.

இப்போது எங்கள் குற்றத்தையும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பாட்டி இருந்த லயத்தில் அந்தக் காலத்தில் ஒவ்வொரு அடுப்புக்கு மேலேயும் ஒரு சின்னப் புகைக்கூண்டு இருந்தது. தகரம் மாற்றியபோது, "ஐயா, அது வழியா மழை ஒழுகுது, அடைச்சுக் குடுங்க" என்று வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். அடைப்பது லேசு, செலவும் குறைவு. வேலை திருப்தி என்று நாங்களும் கையெழுத்துப் போட்டோம். அடுத்த வருசம் தீப்பிடித்தது. கூண்டு திறந்திருந்தால் பாட்டி பிழைத்திருப்பார் என்று நாங்கள் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் புகை போகிற வழியை அடைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நாங்கள்தான். ஒழுகுகிற கூண்டுக்கு மேலே ஒரு தொப்பித் தகரம் அடித்திருந்தால் மழையும் வந்திருக்காது, புகையும் போயிருக்கும். அன்றைக்கு அந்த யோசனை எங்களுக்கு வரவில்லை.

போன கூட்டத்தில் ஒரு தாய் கேட்டார்: "ஐயா, புகைய வெளிய விட்டா குளிரு உள்ள வராதா? ஏற்கனவே பிள்ளைகளுக்குச் சளி." நியாயமான கேள்வி. அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறோம். அம்மா, குளிர் காற்று வருவது கீழே உள்ள சந்தால். புகை போவது மேலே. வீட்டில் ஊதுபத்தி கொளுத்திப் பாருங்கள். அடுப்பு எரியும்போது கதவைக் கொஞ்சம் திறந்து, பத்தியைக் கதவின் அடியில் பிடித்தால் புகை உள்ளே போகும். கதவின் மேல் பக்கம் பிடித்தால் வெளியே போகும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்துச் செய்யுங்கள், அவர்களுக்கும் பாடம். அடுப்புக்கு நேர் மேலே திறப்பை வைத்தால், படுக்கிற இடத்துக்குக் குளிர் அவ்வளவாக வராது. பிள்ளைகளின் சளிக்கு ஒரு காரணம் அந்தப் புகையேதான்.

விபத்து என்றைக்கோ ஒரு நாள். அடுப்புப் புகை தினமும் மூன்று வேளை. வீட்டுக்குள் சமைக்கிற புகையால் உலகத்தில் 2020ஆம் வருசம் மட்டும் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அதில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இரண்டு இலட்சத்துக்கு மேல். நியூமோனியா, இளைப்பு, நெஞ்சு வருத்தம் எல்லாம் அதில் அடங்கும். அநகி அடுப்பு வைத்திருக்கிறவர்களுக்கு விறகு மிச்சம், புகையும் குறைவு. நல்லது. ஆனால் அநகி அடுப்பிலும் புகை வீட்டுக்குள்தான் வரும். அதற்கும் மேலே வழி வேண்டும். ஆகவே நாம் வைக்கிற ஒரு திறப்பு இரண்டு வேலை செய்யும். தினமும் நெஞ்சைக் காக்கும், தீப்பிடித்த அன்றைக்கு உயிரைக் காக்கும்.

திறப்பு எப்படி வைப்பது? ஒற்றை லயம் என்றால் முகட்டில் இரண்டு பக்கத் தகரத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு, அதற்கு மேலே சின்னத் தகரத்தை உயர்த்திக் கவிழ்க்கலாம். இரட்டை லயம், அதாவது முதுகோடு முதுகு ஒட்டிய லயம் என்றால், அடுப்பு பெரும்பாலும் இஸ்தோப்பில் இருக்கும். அதற்கு இஸ்தோப்புக் கூரையிலேயே தொப்பி வைத்த புகைக்கூண்டு நல்லது. இரண்டையும் தச்சரும் மேசனும் பார்த்துச் செய்ய வேண்டும். பழைய சுவருக்கு மேலே நீங்களாகக் கல் அடுக்காதீர்கள், பாரம் தாங்காமல் சரியும். துரைமாரிடம் அனுமதி எடுப்பது எங்கள் பொறுப்பு. அதுவரைக்கும் சுவருக்கு மேலே உள்ள சந்தைப் பழைய தகரம் வைத்து ஆணி அடித்தாவது மூடுங்கள். பொலித்தீன், சாக்கு, ரெஜிபோம் வைத்து மூட வேண்டாம். அவை எரியும், எரிந்து உருகித் தலையில் சொட்டும். அஸ்பெஸ்டஸ் கூரை உள்ளவர்கள் அதை அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் போனதுதான்.

அடுத்தது ஆளுக்கு வழி. இரட்டை லயத்தில் வாசல் ஒன்றுதான். அந்த வாசல் பக்கத்தில்தான் அடுப்பும். உள்ளே படுத்திருப்பவருக்கும் கதவுக்கும் நடுவில் நெருப்பு நிற்கிற மாதிரி நாம் வாழ்கிறோம். இது நம் பிழை அல்ல, லயத்தைக் கட்டிய வெள்ளைக்காரன் அப்படிக் கட்டினான். ஆனாலும் நாம் செய்யக் கூடியது இருக்கிறது. அடுப்பைக் கதவில் இருந்து எட்டின மூலைக்கு மாற்றுங்கள். கதவுப் பாதையில் விறகுக் கட்டு, சைக்கிள், மண்ணெண்ணெய்க் கலன் வைக்காதீர்கள். அடுப்புக்கு மேலே பரணில் விறகு காயப் போடாதீர்கள். அந்த 3ஆம் காம்பராவை நினைத்துக்கொள்ளுங்கள். கூரையில் தொங்குகிற ஒட்டறையையும் கரியையும் மாசத்துக்கு ஒரு தரம் தட்டுங்கள், அதுவும் பற்றும். பின்பக்க ஜன்னல் உள்ளவர்கள் அதை ஆணி அடித்து மூடாமல், உள்ளே இருந்து கையால் திறக்கிற மாதிரி வையுங்கள். முக்கியமாக, பிள்ளைகளையோ வயதானவர்களையோ உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டு மலைக்குப் போகாதீர்கள். கள்ளனுக்குப் பயந்து பூட்டுகிறீர்கள், எங்களுக்குத் தெரியும். கள்ளன் எடுத்ததைத் திரும்பச் சம்பாதிக்கலாம்.

காஸ் அடுப்புக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. புகை மேலே போகும், ஆனால் காஸ் காற்றை விடப் பாரம், கீழேதான் தேங்கும். மேலே உள்ள திறப்பால் அது போகாது. மணம் வந்தால் லைட் சுவிச்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சிலிண்டரைப் பூட்டி, கதவைத் திறந்து, எல்லோரும் வெளியே வாருங்கள். இடமிருந்தால் சிலிண்டர் வீட்டுக்கு வெளியே இருப்பது நல்லது.

தனி வீடு கிடைத்தவர்கள் நமக்கு இது இல்லை என்று இருக்க வேண்டாம். பக்கத்து வீட்டுப் புகை வராது, உண்மை. ஆனால் குசினியை நீட்டிக் கட்டும்போது பின்கதவை அடைத்துவிடுகிறீர்கள். அதைச் செய்யாதீர்கள்.

ஸ்டோரில் வேலை செய்கிறவர்கள் கேளுங்கள். கீழே டிரையர், மேலே கொழுந்து வாட்டுகிற தட்டு. கீழே தீப்பிடித்தால் புகை முதலில் போவது மேலே வேலை செய்கிறவர்களிடம். காற்றாடி ஓடிக்கொண்டிருந்தால் புகையை அதுவே இழுத்துக் கொடுக்கும். ஆகவே தீ என்றதும் காற்றாடியை நிறுத்துங்கள், மேலே இருப்பவர்களைக் கூப்பிடுங்கள். கொழும்பில் கடைகளிலும் கார்மென்ட்டுகளிலும் வேலை செய்கிற பிள்ளைகளுக்கும் போனில் சொல்லுங்கள். பெரிய கட்டடங்களில் படிக்கட்டுக்கு ஒரு பாரமான கதவு இருக்கும், தானாக மூடிக்கொள்ளும். காற்று வரட்டும் என்று அதைக் கல் வைத்துத் திறந்து விடக் கூடாது. படிக்கட்டுக்குள் புகை வராமல் காப்பது அந்தக் கதவுதான். தீப்பிடித்தால் லிப்டில் ஏறக் கூடாது.

கடைசியாக, தீப்பிடித்த அன்றைக்கு என்ன செய்வது?

ஒன்று, சத்தம் போடுங்கள். தப்போ மணியோ எது இருக்கிறதோ அடியுங்கள்.

இரண்டு, குனிந்து, தேவையென்றால் தவழ்ந்து வெளியே வாருங்கள். நல்ல காற்று தரையோடுதான் மிச்சம் இருக்கும்.

மூன்று, வரும்போது எரிகிற காம்பராவின் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். மேலே திறப்பு வேண்டும் என்று சொன்னவர்கள் கதவைச் சாத்தச் சொல்கிறார்களே என்று கேட்பீர்கள். மேலே திறந்தால் புகை போகும். கீழே கதவைத் திறந்து வைத்தால் நெருப்புக்கு நாம் காற்று ஊதிக் கொடுக்கிறோம்.

நான்கு, எரிகிற வீட்டுக் கூரையில் ஏறித் தகரம் கழற்றாதீர்கள். இளைஞர்களுக்குச் சொல்கிறோம். கூரை இடியும், அஸ்பெஸ்டஸ் சூட்டில் வெடித்துச் சிதறும்.

ஐந்து, வெளியே வந்தவர் நகைக்கும் அடையாள அட்டைக்கும் திரும்ப உள்ளே போகக் கூடாது.

ஆறு, எரிகிற வீட்டில் மட்டும் நிற்காமல் லயத்தின் இரண்டு தொங்கலுக்கும் ஆள் ஓடி, ஒவ்வொரு கதவையும் தட்ட வேண்டும். அந்தப் பாட்டியின் கதவை அன்றைக்கு யாரும் தட்டவில்லை. குற்றமாகச் சொல்லவில்லை, எல்லோரும் நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் அப்படித்தான் நிற்பார்கள்.

ஆகவே இன்றைக்கே ஒரு வேலை செய்வோம். லயத்துக்கு இரண்டு பேரை நீங்களே தெரிவு செய்யுங்கள், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். எந்தக் காம்பராவில் பகலில் யார் இருக்கிறார்கள், நோயாளி, நடக்க முடியாதவர், பிள்ளை பெற்றவர், ஸ்டோரில் ராத்திரி வேலை செய்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர், இவ்வளவையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். கொப்பி நாங்கள் தருகிறோம். தீயணைப்புக்கு 110, அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119. இந்த மூன்று இலக்கங்களையும் கொப்பியின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். டவுனில் இருந்து தீயணைப்பு வண்டி நம் ரோட்டில் ஏறி வர எவ்வளவு நேரம் என்று உங்களுக்குத் தெரியும். வரும் வரைக்கும் நாம்தான்.

எங்கள் பக்கத்து வேலையையும் எழுதிக்கொள்ளுங்கள். இனிமேல் எந்த லயத்துக்குக் கூரை மாற்றினாலும், சுவர் கூரை வரை மூடியிருக்கிறதா, அடுப்புக்கு மேலே திறப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் நாங்கள் கையெழுத்துப் போட மாட்டோம். போட்டால் தலைவர்மார் எங்களை இந்த இடத்திலேயே நிறுத்திக் கேட்கலாம். எல்லா லயத்துக்கும் ஒரே வருசத்தில் செய்யக் காசு இருக்காது. ஆகவே இரட்டை லயங்களில் இருந்து தொடங்க வேண்டும் என்று எழுதிக் கேட்கப் போகிறோம்.

வருகிற மாசம் முதல் சனிக்கிழமை லயம் லயமாக வருவோம். வீடு சுத்தமா என்று பார்க்க வரவில்லை. மேலே பார்க்கத்தான் வருகிறோம். ஒரு டோர்ச்சும் ஏணியும் கொண்டு வருவோம். கதவைத் திறந்து வையுங்கள், தேத்தண்ணி வேண்டாம்.